அலை நகரியில் ஏன் நின்றது? தலைவர் கொலைக்குப் பிறகு அரசியல் நகரும் விதம்

ஒரு பெரிய தலைவர் கொல்லப்பட்டார் என்ற செய்தி எந்த ஊரிலிருந்து வந்தாலும் சரி, அன்று இரவு தொலைக்காட்சி விவாதத்தில் மூன்று சொற்கள் தவறாமல் வந்துவிடும்: தேர்தல் ஒத்திவைப்பு, இடைக்காலப் பிரதமர், அனுதாப அலை. முதல் இரண்டுக்கும் சட்டப் புத்தகத்தில் இடம் இருக்கிறது, பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது அப்படியில்லை. "அலை அடித்தது, ஜெயித்தார்கள்" என்று சொன்னால் கேட்பவரும் தலையாட்டிவிடுவார், சொன்னவருக்கும் வேலை முடிந்தது.

அந்தச் சொல்லை உரசிப் பார்க்க எல்லைப் பகுதியைப் போல வசதியான இடம் கிடையாது. திருத்தணியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நகரி வந்துவிடும். வழியில் எந்த இடத்தில் மாநிலம் மாறியது என்பது கடைப் பலகையின் எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை தாண்டித்தான். ஆனாலும் திருத்தணிக்காரர் அரக்கோணம் மக்களவைத் தொகுதிக்கு ஓட்டுப் போடுகிறார், நகரிக்காரர் சித்தூர் தொகுதிக்குப் போடுகிறார். ஒரே சாவுச் செய்தியைக் கேட்ட இரண்டு பக்கமும் எப்படி வாக்களித்தன என்று பார்த்தால், அலை என்று நாம் சொல்வதில் எது அனுதாபம், எது கூட்டணிக் கணக்கு, எது வேறு கோபம் என்று ஓரளவு பிரித்துவிடலாம்.

முதலில் சட்டம்

தலைவர் கொல்லப்பட்ட மறு நிமிடம் எழும் கேள்விகள் மூன்று.

1. ஆட்சி யார் கையில்? பிரதமர் பதவியில் இருக்கும்போதே இறந்தால் அவருடைய அமைச்சரவையும் அவரோடு போய்விடும். குடியரசுத் தலைவர் புதிய பிரதமரை நியமிக்க வேண்டும். 1964-ல் நேரு இறந்தபோதும் 1966-ல் சாஸ்திரி இறந்தபோதும் குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமராகச் சில நாட்கள் இருந்தார். பிறகு கட்சி கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டபோது அந்த நடைமுறையைத் தாண்டிப் போனார்கள். அன்று மாலையே ராஜீவ் காந்தி பிரதமராகப் பதவியேற்றார். 1991-ல் இந்தக் கேள்வியே எழவில்லை. கொல்லப்பட்டபோது ராஜீவ் பிரதமர் அல்ல. மார்ச்சிலேயே ராஜினாமா செய்துவிட்ட சந்திரசேகர் காபந்துப் பிரதமராகத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

2. அவர் வேட்பாளராக இருந்தால் அந்தத் தொகுதியின் கதி? இதற்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது. அந்தக் காலத்தில் எந்த வேட்பாளர் இறந்தாலும், சுயேச்சையே ஆனாலும், அந்தத் தொகுதியின் தேர்தல் ரத்தாகிவிடும். இதைப் பயன்படுத்தித் தேர்தலை நிறுத்துவதற்காகவே சுயேச்சைகளைக் கொல்லும் ஆபத்து தெரிந்ததும் 1992-ல் சட்டம் மாறியது. இப்போது அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால் மட்டும் அந்தத் தொகுதியில் வாக்குப்பதிவு தள்ளிப்போகும். கட்சி வேறு ஆளை நிறுத்திக்கொள்ளலாம். ராஜீவ் விஷயத்தில் இந்தப் பிரிவுக்கு வேலையே வரவில்லை. அவர் நின்ற அமேதியில் கொலைக்கு முதல் நாள், மே 20-ம் தேதியே, வாக்குப்பதிவு முடிந்திருந்தது. எண்ணியபோது இறந்தவர் வெற்றி பெற்றிருந்தார். இடைத்தேர்தல் நடத்த வேண்டியதாயிற்று.

3. நாட்டின் மற்றத் தொகுதிகள்? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஒரு தலைவர் இறந்தால் மற்ற இடங்களில் தேர்தலைத் தள்ளிவைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது தேர்தல் ஆணையத்தின் முடிவு. அரசியல் சட்டத்தின் 324-வது பிரிவு அதற்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. 1991-ல் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் டி.என். சேஷன். பாலக்காட்டுத் திருநெல்லாய்க்காரர், எல்லைத் தமிழர். மே 23, 26 என்று குறித்திருந்த இரண்டு கட்ட வாக்குப்பதிவை ஜூன் 12, 15 என்று மூன்று வாரம் தள்ளிவைத்தார்.

இந்த மூன்று வாரத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மே 20-ம் தேதி 200-க்கும் மேற்பட்ட தொகுதிகள் ராஜீவ் உயிரோடு இருக்கும்போது வாக்களித்தன. மீதித் தொகுதிகள் சிதை எரிந்து, அஸ்தி ஊர்ஊராகப் போய், சுவரெல்லாம் கறுப்புக் கரையிட்ட படம் ஒட்டிய பிறகு வாக்களித்தன. ஒரே தேர்தல், ஒரே வேட்பாளர் பட்டியல், நடுவில் ஒரு கொலை. அனுதாபத்தை அளக்க இதைவிடச் சுத்தமான அளவுகோல் இந்தியத் தேர்தல் வரலாற்றில் இல்லை. முதல் கட்டத் தொகுதிகளில் காங்கிரஸ் அடிவாங்கியது. ஜூன் தொகுதிகளில் தூக்கி நிமிர்ந்தது. கடைசியில் 232 இடங்கள். தனிப்பெரும் கட்சி, ஆனால் பெரும்பான்மை இல்லை. ஆகவே அனுதாபம் என்ற ஒன்று நிச்சயமாக இருந்தது. அது எங்கே, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

1984: எல்லையில் நின்ற அலை

இந்திரா கொலைக்குப் பின் எட்டு வாரத்தில், டிசம்பர் கடைசியில், மக்களவைத் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் பிடித்தது 404 இடங்கள். நேரு காலத்தில்கூட வராத எண்ணிக்கை. அனுதாப அலை என்ற சொல் நம் நாக்கில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

தமிழ்நாட்டில் காங்கிரஸ் 25, அ.தி.மு.க. 12, தி.மு.க. 2. அரக்கோணத்தில் காங்கிரஸ். சரி, இனி பஸ் ஏறி நகரிக்குப் போவோம். ஆந்திரத்தின் 42 இடங்களில் தெலுங்கு தேசம் 30, காங்கிரஸ் வெறும் 6. சித்தூரும் திருப்பதியும் தெலுங்கு தேசத்துக்கே போயின. நாடு முழுக்கக் காங்கிரஸ் மற்றவர்களைத் துடைத்தெடுத்தபோது, மூன்று வயதுகூட ஆகாத ஒரு மாநிலக் கட்சி மக்களவையில் பிரதான எதிர்க்கட்சியாகப் போய் உட்கார்ந்தது.

நகரிக்காரருக்கு இந்திரா மேல் இரக்கம் இல்லையா? இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அவர் கண்ணெதிரே வேறொன்று நடந்திருந்தது. 1984 ஆகஸ்ட் நடுவில், இதய அறுவைச் சிகிச்சை முடிந்து அமெரிக்காவிலிருந்து திரும்பியிருந்த என்.டி. ராமராவின் அரசை ஆளுநர் ராம்லால் கலைத்துவிட்டு நாதெண்ட்ல பாஸ்கர ராவை முதல்வராக்கினார். சட்டமன்ற உறுப்பினர்களைப் பேருந்தில் ஏற்றிக் கர்நாடகத்துக்குக் கொண்டுபோய்க் காபந்து செய்து, சக்கர நாற்காலியில் ராமராவ் டெல்லிவரை போய் நின்று, ஒரு மாதப் போராட்டத்துக்குப் பிறகு செப்டம்பர் 16-ல் மீண்டும் முதல்வரானார். அதைச் செய்தது டெல்லி என்பதில் ஆந்திரத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆக, டிசம்பரில் ஓட்டுப் போடப் போனவர் மனதில் ஒரு துக்கமும் ஒரு கோபமும் இருந்தன. கோபம் சொந்த வீட்டு விஷயம்.

தமிழ்நாட்டில் நிலைமை நேர் எதிர். இங்கே இரண்டு துக்கமும் ஒரே பக்கம் சேர்ந்தன. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். அவர் கட்சி காங்கிரஸோடு கூட்டணி. இந்திராவின் படமும் மருத்துவமனையில் எம்.ஜி.ஆர். சாப்பிடும் படமும் ஒரே பிரச்சாரத்தில் வந்தன. சட்டமன்றத் தேர்தலையும் சேர்த்தே நடத்தினார்கள். அப்படிப்பட்ட தேர்தலில் எவ்வளவு ஓட்டு இந்திராவுக்கு, எவ்வளவு எம்.ஜி.ஆருக்கு என்று பிரிக்க முடியுமா? முடியாது. அதை இந்திரா அலை என்று மட்டும் எழுதி வைப்பது பாதிக் கணக்கு.

1991: எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 இரவு நடந்ததை மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. அன்று மாலை விசாகப்பட்டினத்தில் பேசிவிட்டு விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து காரில் வந்தவர். மாலை போட நின்ற வரிசையில் விடுதலைப் புலிகள் அனுப்பிய கொலையாளி. குண்டு வெடித்த மறுநாளே தமிழ்நாடு முழுக்கத் தி.மு.க. கொடிக்கம்பங்கள் வெட்டப்பட்டன, கட்சி அலுவலகங்களும் கட்சிக்காரர் கடைகளும் தாக்கப்பட்டன. கொலைக்கும் அந்தக் கட்சிக்கும் தொடர்பு என்று எந்த விசாரணையும் சொல்லும் முன்பே ஊர் முடிவு செய்துவிட்டது. அதற்குப் பின்னணி இருந்தது: 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் இலங்கைத் தமிழ் இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டார்கள், கொன்றவர்கள் தப்பிவிட்டார்கள். அதையும் புலிகள் நடமாட்டத்தையும் காட்டி 1991 ஜனவரி 30-ல் கருணாநிதி அரசு 356-வது பிரிவில் கலைக்கப்பட்டது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும், அந்தப் பிரிவில் ஆளுநர் அறிக்கையோடு 'வேறு வகையிலும்' என்று ஒரு சொல் இருப்பதை வைத்துக் கலைத்தார்கள். மே மாதக் கோபத்துக்கு விதை ஜனவரியிலேயே தூவப்பட்டிருந்தது.

தேர்தல் முடிவு: மக்களவையில் அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணிக்கு 39-க்கு 39. சட்டமன்றத்தில் 234-ல் 225. தி.மு.க.வுக்கு இரண்டே இரண்டு. துறைமுகத்தில் கருணாநிதி, எழும்பூரில் பரிதி இளம்வழுதி. பார்த்த எவரும் அலை என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் முந்தைய மக்களவைத் தேர்தலை, 1989 நவம்பரில் நடந்ததை, பக்கத்தில் வையுங்கள்.

தமிழ்நாடு, 1989: காங்கிரஸ் 27, அ.தி.மு.க. 11. அதாவது 39-க்கு 38. எந்தக் கொலையும் இல்லாமல், அதே கூட்டணி. நாகப்பட்டினம் ஒன்றுதான் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனது. 1991-ல் அலை கூட்டித் தந்தது ஒரே ஓர் இடம்.

கேரளம், 1989: காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு 20-க்கு 17. 1991-ல் 16. கூடவில்லை, ஒன்று குறைந்தது.

ஆந்திரம், 1989: காங்கிரஸுக்கு 42-க்கு 39. 1991-ல் 25. பதினான்கு குறைவு. தெலுங்கு தேசம் 2-லிருந்து 13-க்கு ஏறியது. சென்னா ரெட்டியை இறக்கிவிட்டு ஜனார்த்தன ரெட்டியைக் கொண்டுவந்த உட்கட்சிச் சண்டை, 1990 கடைசியில் ஐதராபாத் கலவரம் என்று ஆளும்கட்சிச் சுமை அங்கே காங்கிரஸின் தலையில். அனுதாபம் இருந்தும் சரிவைத் தடுக்க முடியவில்லை. சித்தூரும் திருப்பதியும் 1989-லும் காங்கிரஸ், 1991-லும் காங்கிரஸ். (திருப்பதிக்காரர் கதை தனி. 1984-ல் தெலுங்கு தேசத்தில் வென்ற அதே ஆள்தான் 1989-ல் காங்கிரஸில் நின்று வென்றார். வாக்காளரை விட வேட்பாளர் சுலபமாக எல்லை தாண்டுகிறார்.)

அப்படியானால் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 225 எப்படி? 1989 ஜனவரியில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தபோது அதன் வாக்கு மூன்றில் ஒரு பங்குதான். எதிரே அ.தி.மு.க.வின் ஜெயலலிதா அணி, ஜானகி அணி, தனியாக நின்ற காங்கிரஸ் என்று ஓட்டு மூன்றாகச் சிதறியிருந்தது. அடுத்த மாதமே இரண்டு அணியும் இணைந்து இரட்டை இலை திரும்பி வந்தது, பிறகு காங்கிரஸும் சேர்ந்தது. அந்த நிமிடமே தி.மு.க. தோற்றுவிட்டது, அந்த ஆண்டு நவம்பர் மக்களவைத் தேர்தலில் அது ஓர் இடம்கூடப் பெறாதது அதற்கு அத்தாட்சி. 1991-ல் கொலை நடக்காமல் இருந்திருந்தாலும் தி.மு.க. தோற்றிருக்கும் என்றே நினைக்கிறேன். இரண்டு இடமாகச் சுருங்கியிருக்காது, அவ்வளவுதான். அப்போதும் ஏறத்தாழ 22 சதவீத ஓட்டு அதற்கு விழுந்தது. நம் தேர்தல் முறையில் 22 சதவீதத்துக்கு இரண்டு இடமும் கிடைக்கும், ஐம்பதும் கிடைக்கும்.

எல்லையில் இதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். 1991 ஜூனில் திருத்தணி வாக்குச் சாவடியில் ஒருவர் கையில் இரண்டு சீட்டு கொடுத்தார்கள்: மக்களவைக்கு வெள்ளை, சட்டமன்றத்துக்கு ரோஸ் நிறம். நகரியில் கொடுத்தது ஒரே சீட்டு, வெள்ளை மட்டும். ஆந்திரச் சட்டமன்றம் 1989-லேயே அமைந்துவிட்டது. ஆகவே டெல்லித் துக்கத்தை மாநில ஆட்சியின் மேல் காட்டும் வாய்ப்பு திருத்தணிக்காரருக்கு இருந்தது, நகரிக்காரருக்கு இல்லவே இல்லை. அலையின் உயரத்தைத் தீர்மானித்ததில் அந்த ரோஸ் சீட்டுக்கும் பங்கு உண்டு.

கேரளத்தின் தப்புக் கணக்கு

ரோஸ் சீட்டு ஓர் ஆட்சியையே கவிழ்த்தது பாலக்காட்டுப் பக்கத்தில். நாயனாரின் இடதுசாரி அரசுக்கு 1992 வரை காலம் இருந்தது. 1991 தொடக்கத்தில் நடந்த மாவட்டக் கவுன்சில் தேர்தலில் பெரும்பாலான மாவட்டங்களை இடதுசாரிகள் அள்ளினார்கள். சூடு ஆறும் முன் சட்டமன்றத்துக்கும் போய்விடலாம் என்று ஓராண்டு முன்னதாகவே கலைத்து, மக்களவையோடு சேர்த்துத் தேர்தல் வைத்துக்கொண்டார்கள். அப்போதைய நிலவரத்துக்குச் சரியான கணக்கு. மே 21-ல் அது பொய்த்துப்போனது. 140-ல் ஏறத்தாழ 90 இடங்களோடு ஐக்கிய ஜனநாயக முன்னணி வந்தது. ஜூன் 24-ம் தேதி திருவனந்தபுரத்தில் கருணாகரன் பதவியேற்றார். அதே நாளில் சென்னையில் ஜெயலலிதா.

இரண்டு பதவியேற்பும் ஒன்று போலத் தெரியும், ஒன்றல்ல. கேரளத்தில் இரண்டு முன்னணிகளுக்கும் இடையே வாக்கு வித்தியாசம் எப்போதும் மயிரிழைதான். நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் மனம் மாறினாலே ஆட்சி மாறும். அங்கே அனுதாபம் சிறிய அளவில் இருந்தாலும் போதும். தமிழ்நாட்டில் கூட்டணி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதை அனுதாபம் பெருக்கிக் காட்டியது. பாலக்காட்டு எல்லையில் சிற்றூர், கொழிஞ்சாம்பாறைத் தமிழர்கள் வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரிச் சுவரொட்டியைப் பார்த்திருப்பார்கள். ஆனால் உண்மையில் திசை மாறியது அவர்கள் மாநிலத்தில்தான்.

கேரளத்தில் இன்னொரு விஷயம். வடகரை மக்களவைத் தொகுதியிலும் பேப்பூர் சட்டமன்றத் தொகுதியிலும் காங்கிரஸ், முஸ்லிம் லீக், பா.ஜ.க. மூன்றும் ஓசையில்லாமல் தொகுதிக்கு ஒரு பொது வேட்பாளரை ஆதரித்ததாக அன்று பெரிய சர்ச்சை. 'கோ-லீ-பி' என்று இன்றும் கிண்டல் செய்கிறார்கள். அனுதாபக் காற்று வீசிய அந்தத் தேர்தலிலேயே இரண்டு பேரும் தோற்றார்கள்.

அலிப்பிரி: நடக்காத அலை

அனுதாபம் தானாக ஓட்டாகிவிடும் என்று நம்பி ஏமாந்ததற்கு அன்றைய சித்தூர் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. 2003 அக்டோபர் 1-ம் தேதி திருமலைக்குப் போகும் வழியில், அலிப்பிரியில், சந்திரபாபு நாயுடுவின் காரைக் குறிவைத்து மாவோயிஸ்ட் அமைப்பினர் கண்ணிவெடி வைத்தார்கள். முதல்வர் காயத்தோடு தப்பினார். அடுத்த மாதமே சட்டமன்றத்தைக் கலைத்தார். அடிபட்ட தலைவர், ஏழுமலையான் காப்பாற்றினார் என்ற பேச்சு, உடனே தேர்தல் என்பது திட்டம்.

தேர்தல் ஆணையம் உடனே நடத்தவில்லை. 2004 ஏப்ரல் வரை போயிற்று. அதற்குள் கட்டுப்போட்ட கையின் படம் பழசாகிவிட்டது. வறட்சி, விவசாயக் கடன், மின்கட்டணம் எல்லாம் புதிதாகவே இருந்தன. காங்கிரஸின் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி 2003-ல், குண்டுவெடிப்புக்கு முன்பே, நடந்தே ஊர்களைச் சுற்றி அதைத்தான் பேசியிருந்தார். 294-ல் தெலுங்கு தேசத்துக்குக் கிடைத்தது 47. குப்பத்தில் நாயுடு வென்றார், ஆட்சி போனது. இறந்தவருக்கும் தப்பியவருக்கும் கிடைக்கும் அனுதாபம் ஒன்றல்ல என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். நாட்காட்டியும் ஒன்றல்ல: 1984-ல் எட்டு வாரம், 1991-ல் மூன்று வாரம், 2004-ல் ஆறு மாதத்துக்கு மேல்.

வாரிசு யார்?

அலையைப் பற்றியே பேசி மறந்துவிடும் விஷயம் இது. கொலை ஓட்டை மாற்றியதைவிட ஆளை மாற்றியது பெரிது. ராஜீவ் இறந்ததும் காங்கிரஸ் காரியக் கமிட்டி சோனியா காந்தியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது, அவர் மறுத்துவிட்டார். அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லாத, அரசியலிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த பி.வி. நரசிம்ம ராவ் தலைவரானார், ஜூன் 21-ல் பிரதமரும் ஆனார். நாடாளுமன்ற உறுப்பினர் இல்லாதவர் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும் என்பது விதி. நவம்பரில் நந்தியாலில் நின்றார். தெலுங்கர் ஒருவர் முதல்முறையாகப் பிரதமராகியிருக்கிறார் என்று ராமராவ் தன் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. ராவ் ஐந்து லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். அது அனுதாப ஓட்டா? ஆறு மாதம் முன் இறந்தவருக்கு அதில் பங்கு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. 1984-ல் டெல்லிக்கு எதிராகப் பொங்கிய அதே தெலுங்குத் தன்மானம்தான் இந்த முறை டெல்லிக்குச் சாதகமாகத் திரும்பியது.

வாக்குப் பெட்டி மூடிய பிறகு

அனுதாபத்தின் ஆயுள் ஒரு தேர்தல். சட்டத்திலும் கோப்பிலும் கொலை விட்டுப்போனது அதைவிட நீண்டது.

1. பாதுகாப்பு. பிரதமருக்கு மட்டும் என்று 1988-ல் சட்டமான சிறப்புப் பாதுகாப்புப் படை, ராஜீவ் பதவி இழந்ததும் விலக்கப்பட்டது. கொலைக்குப் பின் 1991-லேயே சட்டத்தைத் திருத்தி முன்னாள் பிரதமர்களையும் குடும்பத்தையும் சேர்த்தார்கள். 2019-ல் மறுபடி சுருக்கினார்கள்.

2. தடை. விடுதலைப் புலிகள் இயக்கம் 1992 மே 14-ல் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது. இயக்கம் 2009-ல் அழிந்த பிறகும் தடை நீண்டுகொண்டிருக்கிறது. 2024 மே மாதம் இன்னும் ஐந்து ஆண்டுக்கு நீட்டினார்கள்.

3. அகதிகள். கொலையில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள் அதிகம் பட்டது இங்கேதான். ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி முகாம் உட்படத் தமிழ்நாட்டு முகாம்களில் கெடுபிடி இறுகியது. தன்னார்வ நிறுவனங்கள் உள்ளே போவது கடினமானது. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்புவது தொடங்கியது. விருப்பத்தோடுதான் போகிறார்கள் என்று அரசு சொன்னது, பலர் அப்படிச் சொல்லவில்லை. ஓட்டு இல்லாதவர்கள் என்பதால் எந்த அலைக் கணக்கிலும் இவர்கள் வருவதில்லை.

4. விசாரணைக் கமிஷன். பாதுகாப்புக் குறைபாட்டுக்கு வர்மா கமிஷன், சதிக்கு ஜெயின் கமிஷன். ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997 நவம்பரில் வெளியே கசிந்தது. புலிகளுக்குத் தி.மு.க. ஆட்சி இடம் கொடுத்தது என்று அதில் இருந்தது. உடனே காங்கிரஸ், ஐக்கிய முன்னணி அரசிலிருந்து தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொன்னது. பிரதமர் குஜ்ரால் மறுத்தார். நவம்பர் 28-ல் காங்கிரஸ் ஆதரவை விலக்கியது, ஆட்சி விழுந்தது. 1998 தேர்தலில் அ.தி.மு.க. துணையோடு வாஜ்பாய் வந்தார். அடுத்த ஆண்டு அதே அ.தி.மு.க. கைவிட்டதால் ஒரே ஓட்டில் வீழ்ந்தார். ஆறரை ஆண்டு பழைய கொலை ஒன்று ஒரு மத்திய அரசை நேராகவே கவிழ்த்தது. 1991 தேர்தலைவிட இதையே பெரிய விளைவு என்பேன்.

ஜோலார்பேட்டைக் கோப்பு

ஐந்தாவது விளைவான கொலை வழக்குக்குத் தனி இடம் தர வேண்டும், ஏனென்றால் அது 31 ஆண்டு ஓடியது. பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, நால்வருக்கு மரண தண்டனையையும் மூவருக்கு ஆயுளையும் உறுதி செய்தது. நளினியின் தண்டனை 2000-ல் ஆயுளாகக் குறைந்தது. மற்ற மூவரில் ஒருவர் பேரறிவாளன், ஜோலார்பேட்டைக்காரர். ஜோலார்பேட்டையில் பெங்களூரு ரயில் ஏறினால் சில நிலையம் தாண்டிக் குப்பம் வந்துவிடும், அவ்வளவு எல்லை ஊர்.

கருணை மனு குடியரசுத் தலைவரிடம் 11 ஆண்டு கிடந்தது. அந்தத் தாமதமே போதும் என்று 2014 பிப்ரவரி 18-ல் உச்ச நீதிமன்றம் மூவரின் மரண தண்டனையையும் ஆயுளாக்கியது. மறுநாளே ஏழு பேரையும் விடுவிப்பதாக ஜெயலலிதா அரசு அறிவித்தது. ராஜீவ் துக்கத்தில் 225 இடம் வென்றவரே. உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. 2018 செப்டம்பர் 9-ல் மாநில அமைச்சரவை 161-வது பிரிவில் விடுதலைக்குப் பரிந்துரைத்தது. இந்தப் பிரிவு தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை ஆளுநருக்குத் தருகிறது. ஆனால் அமைச்சரவை சொல்வதை அவர் கேட்க வேண்டும். அவர் கேட்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கோப்பு இரண்டு ஆண்டுக்கு மேல் ராஜ்பவனில் இருந்தது. 2021-ல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம், தனக்கு 142-வது பிரிவு தரும் முழு அதிகாரத்தைக் கொண்டு பேரறிவாளனை விடுவித்தது. மற்ற ஆறு பேரை அந்த ஆண்டு நவம்பரில்.

அப்போது தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி, காங்கிரஸ் அதன் கூட்டணிக் கட்சி. ஜெயின் அறிக்கை வந்து ஏழே ஆண்டில், 2004-லேயே, இருவரும் கைகோத்துவிட்டார்கள். விடுதலையை முதல்வர் வரவேற்றார், காங்கிரஸ் எதிர்த்தது. 1997-ல் இதே விஷயம் டெல்லியில் ஆட்சியைக் கவிழ்த்திருந்தது. 2022 மே 19-ம் தேதி காலை தமிழ்நாட்டுக் காங்கிரஸார் வாயில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார்கள். பிறகு துணியை அவிழ்த்தார்கள். கூட்டணி அப்படியே இருந்தது.